பஸ் முதலாளி கேட்ட விமானம்: காலாவதியான டிசைன் 30 வருஷம் தாக்குப்பிடித்தது எப்படி?

1933 பிப்ரவரியில் அமெரிக்காவில் போயிங் 247 விமானம் முதல்முறையாகப் பறந்தது. உடம்பு முழுக்க உலோகம். பக்கத்துக்கு ஒரே இறக்கை. மேலே கிளம்பியதும் சக்கரம் உள்ளே மடங்கிக்கொள்ளும். இன்றைக்கு நாம் ஏறும் விமானங்களுக்கு அதைத் தாத்தா என்று தாராளமாகச் சொல்லலாம்.

அதற்கு மூன்று மாதம் முன்னாடிதான் பிரிட்டனில் டி ஹேவிலண்ட் கம்பெனி ஒரு புதுப் பயணிகள் விமானத்தைப் பறக்கவிட்டிருந்தது. மரச்சட்டம், பிளைவுட், அதன்மேல் துணி. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு அடுக்கு இறக்கை. நடுவில் கம்பிகளும் தாங்கு சட்டங்களும். சக்கரம் மடங்காது, வெளியேதான் இருக்கும். போயிங் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், பிறக்கும்போதே வயசான விமானம்.

ஆனால் அந்த வயசான விமானமும் அதன் தம்பியும் 1960-கள் வரை ரெகுலர் சர்வீஸில் பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்தன. போயிங் 247-ஐ அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே பெரிய ஏர்லைன்ஸ்கள் கைவிட்டுவிட்டன. டெக்னாலஜியில் பின்தங்கிய ஒன்று எப்படி இவ்வளவு காலம் ஓடியது? விடையைத் தேடிப்போனால் ஒரு பஸ் முதலாளி, ஒரு கடற்கரை, ஒரு சர்வாதிகாரி எல்லாரும் வருகிறார்கள்.

பைப்ளேன் என்றால் என்ன?

இறக்கை இரண்டு அடுக்காக இருந்தால் பைப்ளேன். ரைட் சகோதரர்கள் பறந்ததும் இதில்தான்.

ஏன் இரண்டு அடுக்கு? அப்போதைய இன்ஜின்களுக்குச் சக்தி குறைவு. மெதுவாகப் போகும் விமானத்தைத் தூக்கிப் பிடிக்க நிறைய இறக்கைப் பரப்பு வேண்டும். அதை ஒரே நீள இறக்கையாக மரத்தில் செய்தால் வளையும், முறுக்கிக்கொள்ளும். அதையே பாதியாக்கி மேலும் கீழும் வைத்து, நடுவில் சட்டம் கொடுத்து, குறுக்கே கம்பி இழுத்துக் கட்டினால் ஒரு பாலம் மாதிரி விறைப்பாக நிற்கும். எடையும் குறைவு.

சிக்கல் அந்தக் கம்பிகளில்தான். ஒவ்வொரு கம்பியும் ஒவ்வொரு சட்டமும் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய நாலு மடங்கு. அதனால் பைப்ளேனுக்கு ஒரு வேக வரம்பு உண்டு. அதைத் தாண்ட நினைத்தால் பெட்ரோல்தான் தண்ணியாகச் செலவாகும்.

குண்டுவீச்சு விமானத்தில் நாற்காலி போட்டவர்கள்

இரட்டை இன்ஜின் பயணிகள் பைப்ளேன்கள் முதல் உலகப்போரின் மிச்சம் என்றே சொல்லலாம். போர் முடிந்ததும் பெரிய குண்டுவீச்சு விமானங்களுக்கு வேலை இல்லாமல் போனது. பிரான்ஸின் ஃபார்மன் கோலியாத் குண்டு போடுவதற்காக வரையப்பட்ட விமானம்தான். உள்ளே நாற்காலி போட்டு, ஜன்னல் வைத்து, 1919-லேயே பாரிஸ்–லண்டன் பாதையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பறந்தது.

அந்தக் காலத்தில் பைலட்டுகள் கீழே தெரியும் ரோட்டையும் ரயில் தண்டவாளத்தையும் பார்த்துத்தான் வழி கண்டுபிடிப்பார்கள். இரண்டு பேர் ஒரே ரோட்டை எதிரெதிர்த் திசையில் பார்த்துக்கொண்டு வந்தால் என்ன ஆகும்? 1922 ஏப்ரல் 7-ம் தேதி வடக்கு பிரான்ஸில் அதுதான் ஆனது. ஒரு கோலியாத்தும் பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்றின் விமானமும் மூட்டத்தில் நேருக்கு நேர் மோதின. 7 பேர் இறந்தார்கள். பயணிகள் விமானங்கள் நடுவானில் மோதிக்கொண்ட முதல் சம்பவம் அது.

அமெரிக்காவிலும் 1933-ல் கர்டிஸ் காண்டார் என்ற இரட்டை இன்ஜின் பைப்ளேன் வந்தது. ரயில் மாதிரி படுக்கை வசதியெல்லாம் இருந்தது. சுவிஸ்ஏர் அதில் ஒன்றை வாங்கி, நெல்லி டீனர் என்ற பெண்ணை 1934 மே மாதம் பணிப்பெண்ணாகச் சேர்த்தது. ஐரோப்பாவின் முதல் விமானப் பணிப்பெண் அவர்தான். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 27 அன்று ஜெர்மனியில் டுட்லிங்கன் அருகே இடி மழையில் அந்த விமானத்தின் இறக்கை பிய்ந்து, அவர் உட்பட 12 பேரும் இறந்துவிட்டார்கள்.

காண்டார் சீக்கிரமே ஓரம் போனது. தாக்குப்பிடித்தது பிரிட்டனின் சின்ன விமானம். அதற்குக் காரணம் அதைக் கேட்டு வாங்கிய ஆள்.

பஸ் முதலாளியின் கணக்கு

எட்வர்ட் ஹில்மேன் லண்டனின் கிழக்குப் பக்கம் பஸ் ஓட்டிய முதலாளி. லண்டன்–எசெக்ஸ் பாதைகளில் அவருடைய கோச் பஸ்கள் பிரபலம். 1931 கடைசியில் விமானத் தொழிலிலும் இறங்கினார். வைத்திருந்ததெல்லாம் டி ஹேவிலண்டின் ஒற்றை இன்ஜின் குட்டி விமானங்கள். அதில் ஒன்றான ஃபாக்ஸ் மாத், கம்மிச் செலவில் மூணு நாலு பேரை ஏற்றிப்போகும்.

அந்தச் சமயத்தில் லண்டன்–பாரிஸ் பாதையின் ராஜா இம்பீரியல் ஏர்வேஸ். அவர்களுடைய ஹேண்ட்லி பேஜ் விமானத்துக்கு நாலு இன்ஜின், 38 இருக்கை. மேஜை விரிப்பு போட்டுச் சாப்பாடு பரிமாறுவார்கள். வேகம் மட்டும் மணிக்கு 160 கி.மீ. அளவுதான். அரசு மானியம் இல்லாமல் அந்த ஆடம்பரம் ஓடாது.

ஹில்மேனின் யோசனை வேறு. சாதாரணக் கடைக்காரரும் குமாஸ்தாவும் லீவுக்குப் பாரிஸ் போக முடிகிற மாதிரி டிக்கெட் விலை இருக்கணும். அதற்கு டி ஹேவிலண்டிடம் அவர் கேட்டது இதுதான்: ஃபாக்ஸ் மாத் மாதிரியே சிக்கனமான, ஆனால் இரண்டு இன்ஜின் வைத்த, கொஞ்சம் பெரிய விமானம். அதே நேரம் ஈராக் விமானப்படைக்கும் அதே மாதிரி ஒன்று தேவைப்பட்டது. இரண்டு தேவையும் சேர்ந்து 1932 நவம்பர் 12-ல் டி.எச்.84 டிராகன் பறந்தது. அடுத்த மாதமே ஹில்மேன் கைக்கு முதல் விமானம் வந்துவிட்டது.

(நம்ம ஊருக்கு இந்தக் கம்பெனி அந்நியம் இல்லை. டிராகன் பறப்பதற்குச் சரியாக நாலு வாரம் முன்னாடி, 1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையுடன் பறந்தாரே, அந்த பஸ் மாத் விமானமும் டி ஹேவிலண்ட் தயாரிப்புதான். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குத் தபாலைக் கொண்டுவந்து சேர்த்தவர் நெவில் வின்சென்ட்.)

டிராகனின் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். 130 குதிரைத்திறன் கொண்ட இரண்டு இன்ஜின். 6 பயணிகள், ஆளுக்கு 20 கிலோ லக்கேஜ். மணிக்கு 175 கி.மீ. வேகத்தில் போகும்போது இரண்டு இன்ஜினும் சேர்ந்து குடிப்பது 13 கேலன், அதாவது மணிக்கு ஏறக்குறைய 60 லிட்டர். லண்டன்–பாரிஸ் சுமார் 340 கி.மீ. இரண்டு மணி நேரம், 120 லிட்டர். தலைக்கு 20 லிட்டர். ஓட்ட ஒரே ஒரு பைலட். ராத்திரி நிறுத்தி வைக்கப் பெரிய கொட்டகைகூட வேண்டாம். இன்ஜினுக்கு வெளியே இருக்கும் இறக்கைப் பகுதியை மடித்துவிடலாம்!

ஹில்மேனின் பாரிஸ் சர்வீஸ் 1933 ஏப்ரலில் தொடங்கியது. பைலட்டையும் அவர் பஸ் டிரைவர் மாதிரியேதான் நடத்தினார், சம்பளமும் அந்தக் கணக்கில்தான் என்று விமானத் துறையில் பேச்சு உண்டு. அந்தப் பேச்சு கிண்டலாகவே இருந்தாலும், விமானப் பயணத்தைப் பஸ் பயணமாக நினைத்த முதல் ஆட்களில் அவர் ஒருவர் என்பதை மறுக்க முடியாது. இன்றைய மலிவு விலை ஏர்லைன்ஸ் எல்லாம் இந்த யோசனையைத்தான் பெரிய அளவில் செய்கின்றன.

தம்பி வந்தான்

டிராகன் நன்றாக விற்றது. பிரிட்டனில் 115, பின்னாளில் ஆஸ்திரேலியாவில் 87 கட்டப்பட்டன. அயர்லாந்தின் ஏர் லிங்கஸ் 1936 மே 27-ல் தொடங்கியபோது, டப்ளினிலிருந்து பிரிஸ்டலுக்கு 5 பேரை ஏற்றிக்கொண்டு போன அதன் முதல் விமானம் டிராகன்தான்.

ஆனால் அதைவிடப் பெரிய பெயர் தம்பிக்கு. டி.எச்.89 டிராகன் ராபீட். வடிவமைத்தவர் ஆர்தர் ஹாக். 1934 ஏப்ரல் 17-ல் முதல் பறப்பு. 200 குதிரைத்திறன் கொண்ட இரண்டு ஜிப்ஸி சிக்ஸ் இன்ஜின், 8 பயணிகள், சாதாரணமாகப் போகும் வேகம் மணிக்கு 210 கி.மீ. இறக்கை முனைகள் கூர்மையாக, பார்க்கவே லட்சணமான விமானம். மூக்கில் ஒடுக்கமான ஒரு அறை. பைலட் அதில் தனியாக உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் இன்னொரு பைலட்டுக்கு இடமே கிடையாது. இந்த விஷயம் பிறகு முக்கியமாக வரும்.

அதே 1934 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவின் மெல்போர்னுக்கு ஒரு பெரிய விமானப் பந்தயம் நடந்தது. ஜெயித்தது டி ஹேவிலண்டின் பந்தய விமானம் காமெட். அதில் ஆச்சரியம் இல்லை, அது பந்தயத்துக்காகவே செய்தது. ஆச்சரியம் இரண்டாவது இடம். ஹாலந்தின் கே.எல்.எம். ஒரு சாதாரண டக்ளஸ் டி.சி.2 பயணிகள் விமானத்தை, உள்ளே பயணிகளையும் வைத்துக்கொண்டு, இரண்டாவதாகக் கொண்டுபோய் இறக்கியது. நியூசிலாந்துக்காரர்கள் ஓட்டிய ஒரு ராபீட்டும் அந்தப் பந்தயத்தில் இருந்தது. அதுவும் மெல்போர்ன் போய்ச் சேர்ந்தது, ஆனால் வெற்றி பெற்றவர்களுக்குப் பல நாள் பின்னால்.

எதிர்காலம் உலோக விமானத்துக்குத்தான் என்று அன்றைக்கே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அப்புறமும் ஏன் ராபீட்டை வாங்கினார்கள்?

8 நிமிஷத்துக்காக யார் காசு கொடுப்பார்கள்?

100 கி.மீ. தூரத்தை ராபீட் 28 அல்லது 29 நிமிஷத்தில் கடக்கும். மணிக்கு 300 கி.மீ. போகிற நவீன விமானம் 20 நிமிஷத்தில் கடக்கும். வித்தியாசம் எட்டு, ஒன்பது நிமிஷம். அந்த நிமிஷங்களுக்காகப் பல மடங்கு விலை கொடுத்து விமானம் வாங்கி, நீளமான ரன்வே போட்டு, கூடுதல் ஆட்களை வைக்கணுமா?

நியூயார்க்–சிகாகோ மாதிரி நீண்ட பாதைக்கு வேகம் காசு. தீவுக்கும் கரைக்கும் நடுவே பறப்பவருக்கு முக்கியம் வேறு: புல்தரையில் இறங்க முடியுமா, குட்டி இடத்தில் நிற்குமா, ரிப்பேர் ஆனால் ஊர் தச்சரை வைத்துச் சரிசெய்ய முடியுமா? பைப்ளேனின் பலவீனம் வெளியே தெரியும் வேகத்துக்கு இந்தப் பாதைகள் போவதே இல்லை. அதனால் அதன் பலம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது: மெதுவாக இறங்கும், சட்டென்று கிளம்பும், கம்மியாகக் குடிக்கும்.

இதற்கு ஜெர்சி தீவை விட நல்ல உதாரணம் கிடைக்காது. இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே இருக்கும் இந்தத் தீவில் அப்போது விமான நிலையமே இல்லை. 1933 டிசம்பர் 18-ல் ஜெர்சி ஏர்வேஸ் தன் டிராகன்களைத் தீவின் கடற்கரையிலேயே இறக்கத் தொடங்கியது. செயின்ட் ஹெலியர் ஊரை ஒட்டிய விரிகுடாவில் அலை வாங்கிப் போனதும் அகலமான, கெட்டியான மணல் வெளி கிடைக்கும். அதுதான் ரன்வே. அலை ஏறும் நேரம் தினமும் மாறுமே? விமானத்தின் டைம்டேபிளும் தினமும் மாறியது. தண்ணீர் வருவதற்குள் ஆளை இறக்கி, ஆளை ஏற்றி, கிளம்பிவிட வேண்டும். 1937 மார்ச்சில் முறையான விமான நிலையம் திறக்கும் வரை மூணு வருஷத்துக்கும் மேலாக இப்படித்தான் ஓடியது.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் சில்லி தீவுகள். 1937-ல் அங்கே விமானம் இறங்கிய இடம் கோல்ஃப் மைதானம்.

ஸ்காட்லாந்தில் கதை இன்னும் அழுத்தமானது. 1933 மே 14-ல் ஐலா தீவில் ஒரு மீனவருக்கு வயிற்றில் உயிருக்கு ஆபத்தான கோளாறு. படகில் கொண்டுபோனால் தாங்காது. ஜிம்மி ஓரல் என்ற பைலட் டிராகன் விமானத்தில் அவரை ஏற்றிக்கொண்டு கிளாஸ்கோ பக்கம் இறக்கினார். ஸ்காட்லாந்தின் விமான ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது அந்தப் பயணத்தில்தான். டிராகனும் ராபீட்டும் அதன்பிறகு எத்தனையோ நோயாளிகளைத் தீவுகளிலிருந்து தூக்கி வந்தன.

வடக்கே ஆர்க்னி தீவுகளில் கேப்டன் டெட் ஃப்ரெசன் என்பவர் தீவு தீவாகப் போய், எந்த விவசாயியின் நிலத்தில் இறங்கலாம் என்று பார்த்துப் பார்த்து ஒரு விமானப் பாதையை உருவாக்கினார். 1934 மே 29-ல் அவருடைய டிராகன் இன்வர்னஸிலிருந்து கர்க்வாலுக்குத் தபால் கொண்டுபோனது. தபால்தலைக்குக் கூடுதல் காசு இல்லாமல் பிரிட்டனுக்குள் ஓடிய முதல் விமானத் தபால் அதுதான். இப்போது அந்த விமானம் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

ஒரு சர்வாதிகாரியை ஏற்றிச் சென்ற நாள்

ராபீட்டின் பெயர் சரித்திரப் புத்தகத்தில் ஏறியது இந்த நல்ல காரியங்களுக்காக இல்லை.

1936 ஜூலை 11 காலை. லண்டன் கிராய்டன் விமான நிலையத்திலிருந்து ஒரு வாடகை ராபீட் கிளம்பியது. பைலட் செசில் பெப். பயணிகளில் ஹியூ பொல்லார்ட் என்ற முன்னாள் உளவு அதிகாரி, அவருடைய மகள், மகளின் தோழி. பார்ப்பவர்களுக்குக் கேனரி தீவுகளுக்கு லீவு கொண்டாடப் போகும் குடும்பம். ஏற்பாடு செய்தவர் லூயிஸ் போலின் என்ற ஸ்பெயின் பத்திரிகையாளர்.

கேனரி தீவுகளில் அப்போது ராணுவத் தளபதியாக இருந்தவர் ஜெனரல் ஃபிராங்கோ. ஸ்பெயினின் குடியரசு அரசைக் கவிழ்க்க ராணுவத்துக்குள் சதி தயாராகியிருந்தது. ஸ்பெயினின் பலமான படை மொராக்கோவில் இருந்தது. அந்தப் படைக்குத் தலைமை ஏற்க ஃபிராங்கோ அங்கே போயாக வேண்டும். கப்பலில் போனால் நாள் கணக்காகும், கண்ணிலும் படும். ஸ்பெயின் விமானம் எடுத்தால் அரசுக்குத் தெரிந்துவிடும். வெளிநாட்டுக் கம்பெனியின் வாடகை விமானம், உள்ளே சுற்றுலாக் குடும்பம் என்றால் யார் சந்தேகப்படுவார்கள்?

வாடகை டாக்ஸி மாதிரி ஒரு விமானம் என்பதால்தான் இந்தத் திட்டமே சாத்தியமானது என்பதைக் கவனிக்கணும். பெரிய ஏர்லைன்ஸ் விமானத்தை யாரும் இப்படி ஓசையில்லாமல் எடுத்துப் போக முடியாது. ராபீட்டுக்கு ஒரு பைலட் போதும், சாதாரண மைதானம் போதும்.

விமானம் பல இடங்களில் நின்று நின்று கிரான் கனேரியா தீவுக்குப் போனது. ஃபிராங்கோ இருந்தது பக்கத்துத் தீவான டெனெரிஃபில். அந்த நேரம் பார்த்து கிரான் கனேரியாவின் தளபதி பால்மஸ் குண்டு பாய்ந்து இறந்தார். விபத்து என்று சொல்லப்பட்ட அந்தச் சாவைப் பற்றி இன்றைக்கும் ஆய்வாளர்கள் சண்டை போடுகிறார்கள். அவருடைய இறுதிச் சடங்கு என்ற பெயரில் ஃபிராங்கோ தீவு மாறினார். ஜூலை 17-ல் மொராக்கோவில் கலகம் வெடித்தது. 18-ம் தேதி ஃபிராங்கோ ராபீட்டில் ஏறினார். அகாடிர், காஸாபிளாங்கா வழியாக 19-ம் தேதி காலை டெட்டுவானில் இறங்கினார்.

அடுத்து நடந்தது மூன்று வருஷ உள்நாட்டுப் போர். செத்தவர்கள் லட்சக்கணக்கில். ஃபிராங்கோ 1975-ல் சாகும் வரை ஸ்பெயினை ஆண்டார். அந்த ராபீட் இப்போது மாட்ரிட் அருகே குவாட்ரோ வியெந்தோஸ் விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1986-ல் 'டிராகன் ராபீட்' என்ற பெயரிலேயே ஸ்பெயினில் ஒரு படமும் வந்தது.

மேகத்துக்குள் போனால்...

பழைய விமானம் என்றால் ஒரு ரொமான்ஸ் வந்துவிடும். மரம், துணி, கம்பியில் காற்று ஊதும் சத்தம்... ஆனால் இந்தக் குடும்பத்தின் சோகக் கதையையும் சொல்லியாகணும். முதல் அடி ஹில்மேன் கம்பெனிக்கே விழுந்தது.

1934 அக்டோபர் 2. ஹில்மேனின் புத்தம் புது ராபீட் ஒன்று எசெக்ஸிலிருந்து பாரிஸுக்குக் கிளம்பியது. வானிலை மோசம், எதிரே ஒன்றும் தெரியவில்லை. பைலட் திசை தவறி, ஃபோக்ஸ்டன் ஊருக்கு அப்பால் கடலில் விமானம் விழுந்தது. பைலட்டும் 6 பயணிகளும் இறந்தார்கள். இன்ஜின் கோளாறோ, இறக்கை முறிவோ காரணம் இல்லை. ஹில்மேனும் அதே வருஷம் டிசம்பர் 31-ல் இறந்துபோனார். அவருடைய கம்பெனி மற்ற சில கம்பெனிகளுடன் சேர்ந்து பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஆனது (இன்றைக்கு இருக்கும் கம்பெனி இல்லை, அதே பெயரில் முன்னால் இருந்தது).

மேகத்துக்குள் அப்படி என்னதான் ஆபத்து? நாம் நேராக இருக்கிறோமா, சாய்ந்திருக்கிறோமா என்று உடம்புக்குச் சொல்வது உள்காதில் இருக்கும் திரவம். கண்ணுக்கு அடிவானம் தெரியும்வரை பிரச்சினை இல்லை. மேகத்துக்குள் அடிவானம் மறைந்ததும் காதை மட்டும் நம்ப வேண்டியிருக்கும். விமானம் மெல்ல மெல்லச் சாய்ந்து திரும்பினால், கொஞ்ச நேரத்தில் அந்தத் திரவமும் கூடவே சுழன்று அமைதியாகிவிடும். விமானம் நேராகப் போகிறது என்றே பைலட்டுக்குத் தோன்றும். உண்மையில் அது சுழன்றுகொண்டே கீழே இறங்கிக்கொண்டிருக்கும். இதிலிருந்து தப்ப ஒரே வழி, உடம்பு சொல்வதை விட்டுவிட்டுக் கருவிகளை நம்புவது. அதற்குச் சரியான கருவி வேண்டும், தனிப் பயிற்சி வேண்டும். அருகில் இன்னொரு பைலட் இருந்தால் இன்னும் நல்லது. ராபீட்டின் மூக்கில் ஒருவருக்குத்தான் இடம் என்று பார்த்தோம் இல்லையா?

78 வருஷம் கழித்து அதே கதை திரும்பியது. 2012 அக்டோபர் 1-ம் தேதி ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1930-களில் கட்டிய ஒரு டிராகன், மான்டோ என்ற ஊரிலிருந்து கபூல்ச்சருக்குப் பறந்துகொண்டிருந்தது. வழியில் மேகம் சூழ்ந்தது. மேகத்தில் மாட்டிக்கொண்டதாகப் பைலட் ரேடியோவில் உதவி கேட்டார். தரையில் இருந்தவர்களும் தேடிப் போன ஹெலிகாப்டரும் வழிகாட்டி வெளியே கொண்டுவர முயன்றார்கள். முடியவில்லை. இரண்டு நாள் தேடலுக்குப் பிறகு காட்டுக்குள் சிதைந்த பாகங்கள் கிடைத்தன. 6 பேரும் இறந்திருந்தார்கள். மேகத்துக்குள் பறக்கத் தேவையான கருவிகள் அந்த விமானத்தில் இல்லை, அப்படிப் பறப்பதற்கான தகுதியும் பைலட்டுக்கு இல்லை என்று ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் விசாரணை சொன்னது.

இதை விமானம் பழசு என்பதால் வந்த விபத்து என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். பழசாக இருந்தும் வெயில் நாளில் அது ஒழுங்காகத்தான் பறந்திருக்கும். கண்ணால் பார்த்துப் பறக்க மட்டுமே ஏற்ற விமானம், கண் தெரியாத இடத்துக்குள் போனதுதான் சிக்கல்.

டிராம் கம்பெனி கட்டிய விமானம்

இரண்டாம் உலகப்போர் வந்ததும் ராபீட்டுக்கு டொமினி என்ற பட்டாளப் பெயர் கிடைத்தது. ரேடியோ ஆபரேட்டர்களுக்கும் வழிகாட்டும் அதிகாரிகளுக்கும் பயிற்சி கொடுக்க அரசுக்கு நூற்றுக்கணக்கில் தேவைப்பட்டது. டி ஹேவிலண்டின் தொழிற்சாலை போர் விமான வேலையில் மூழ்கியிருந்தது. அதனால் இந்த வேலை லஃப்பரோ நகரில் இருந்த பிரஷ் கம்பெனிக்குப் போனது. அவர்கள் யார் தெரியுமா? டிராம் வண்டியும் பஸ் பாடியும் கட்டுகிறவர்கள்! மரச்சட்டம் போட்டு, அதன்மேல் உறை போர்த்தும் வேலை அவர்களுக்குத் தண்ணி பட்ட பாடு. அவர்களே 300-க்கும் மேல் கட்டிக்கொடுத்தார்கள். மொத்தத்தில் ராபீட்டும் டொமினியும் சேர்த்து 700-க்கு மேல்.

போர் முடிந்ததும் அந்த டொமினிகள் மலிவு விலைக்குச் சந்தைக்கு வந்தன. புதிதாக ஏர்லைன்ஸ் தொடங்க நினைத்தவர்களுக்குக் கொண்டாட்டம். லெபனானின் மிடில் ஈஸ்ட் ஏர்லைன்ஸ், ஈராக்கின் ஈராக்கி ஏர்வேஸ் இரண்டும் 1946-ல் ராபீட்டை வைத்துத்தான் சேவையைத் தொடங்கின. பிரிட்டனின் அரசு நிறுவனமான பி.இ.ஏ. சில்லி தீவுகளுக்கு 1964 வரை ராபீட் ஓட்டியது. ஜெட் விமானங்கள் அட்லாண்டிக் கடலைத் தாண்டத் தொடங்கி ஆறு வருஷம் ஆன பிறகும், லேண்ட்ஸ் எண்டில் பயணிகள் துணி போர்த்திய பைப்ளேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அந்தப் பாதையில் ராபீட்டுக்குப் பதிலாக வந்தது ஹெலிகாப்டர்.

இப்போது எங்கே பார்க்கலாம்?

மரவிமானத்துக்கு எதிரி வேகமோ வயசோ இல்லை, ஈரம்தான். பிளைவுட் ஊறும், பசை விடும், துணி தொய்யும். கொட்டகைக்கு வெளியே சில வருஷம் விட்டாலே போச்சு. அதனால் 700-க்கு மேல் கட்டியும் இன்று பறக்கும் நிலையில் இருப்பவை கொஞ்சம்தான். ஒன்றைப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவர இறக்கைத் துணியை முழுக்க உரித்து, உள்ளே ஒவ்வொரு மரச்சட்டத்தையும் தட்டிப் பார்த்து, மறுபடி புதுத் துணி போர்த்தி, அது விறைப்பாகும் வரை மேலே திரவம் பூசிக் காயவிட வேண்டும். இது தெரிந்த ஆட்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில், போர் அருங்காட்சியகத்தின் விமானத் தளத்திலிருந்து, காசு கொடுத்து டிக்கெட் வாங்கி ராபீட்டில் ஒரு சுற்று வரலாம். அதுவும் மேகம் இல்லாத, காற்று அடங்கிய நாளாகப் பார்த்துத்தான்.

கடற்கரையில் இறங்கும் வழக்கம் மட்டும் ஒரு இடத்தில் விடாமல் தொடர்கிறது. ஸ்காட்லாந்தின் பார்ரா தீவில் 1930-களில் டிராகன்கள் இறங்கிய அதே மணலில் இன்றைக்கும் ரெகுலர் பயணிகள் விமானம் இறங்குகிறது. ட்வின் ஆட்டர் என்ற இரட்டை இன்ஜின் குட்டி விமானம். அலை ஏறி மணல் மூழ்கினால் ரன்வே கிடையாது. அதனால் பார்ராவுக்கு டிக்கெட் போடுகிறவர்களின் டைம்டேபிளைக் கடல்தான் முடிவு செய்கிறது.